பினாங்குக்காரிக்குத் தைத்த காக்கிச் சட்டை

மகனே,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். இந்த வீட்டில் இப்போது நலமாக இருப்பவர் யாருமில்லை, உன் நலத்தை அறிய எனக்கு ஆவலும் இல்லை, அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன். நேற்று காலை முதல் பஸ்ஸில் உன் மனைவி கலைச்செல்வி கடலூரில் வந்து இறங்கினாள். ஒரு கையில் பாப்பா, இன்னொரு கையில் துணிப்பை. வலது காதுமடல் கிழிந்து, தோடு இருந்த இடத்தில் ரத்தம் காய்ந்து கறுத்துப் போயிருந்தது. தாடை வீங்கி வாயை முழுசாகத் திறக்க முடியவில்லை. டீயை ஆற்றி ஸ்பூனால் கொடுத்தேன். அவள் ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்னால், நாலு வயதுப் பாப்பா என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "ஆயா, அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க" என்றது. வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்தது. பத்து மணிக்கு நீ எதிர்வீட்டு மருந்துக்கடைக்குப் போன் போட்டு என்னைக் கூப்பிடச் சொன்னாய். "பாத்ரூம்ல வழுக்கிட்டாம்மா. கோவத்துல கெளம்பி வந்துட்டா. ரெண்டு நாள் வச்சிருந்து அனுப்பு" என்றாய். பாத்ரூமில் விழுந்தவளுக்குக் கழுத்தில் நாலு விரல் எப்படியடா பதியும்? கடைக்காரர் பக்கத்திலேயே நிற்கிறாரே என்று "சரி" சொல்லி வைத்துவிட்டேன். அந்தச் சரியைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

இதை நான் மூடி மறைத்து எழுதவில்லை. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் உன் மனைவியிடம் கொடுக்கிறேன், அவள் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறாள். அண்ணாமலை நகரில் உன் குவார்ட்டர்ஸ் தபாலை யாராவது பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும். மூடி வைத்து மூடி வைத்துத்தான் இந்தக் கதி. ஏனென்றால் "விழுந்துட்டா" என்கிற அந்தப் பேச்சு உன்னுடையது இல்லை, நான் கற்றுக்கொடுத்தது. எங்கே, எப்போது கற்றுக்கொடுத்தேன் என்று சொல்கிறேன். பொறுமையாகப் படி. உன் அப்பாவைப் போலப் பாதியில் எழுந்து கையை ஓங்காதே.

உனக்கு அப்போது ஏழு வயது. சிதம்பரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். உன் அப்பா கடலூர் ரூட் பஸ்ஸில் கண்டக்டர். ஊருக்கு அவர் தங்கமான மனுஷன்; கர்ப்பிணிக்கு எழுந்து இடம் கொடுக்கச் சொல்வார், மீதிச் சில்லறை ஒரு பைசா குறையாது. வீட்டுக்குள் வந்து தோள்பையைக் கழற்றினால் முதலில் அந்தத் தோல்வாரைத்தான் உருவுவார். குழம்பில் உப்பு கூடினால் வார், குறைந்தால் வார், சரியாக இருந்தால் "இன்னைக்கி யாருக்குடி பார்த்துப் பார்த்துச் சமைச்சே" என்று வார். என் முதுகைத் தடவிப் பார்த்தே எந்த வாரத்துத் தழும்பு எது என்று நான் சொல்லிவிடுவேன். இது உனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே அறை வீட்டில் ஒரு பிள்ளைக்கு எது தெரியாமல் இருக்கும்?

கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஜமீலா இருந்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். புருஷன் பினாங்கில் கடை வைத்திருந்தார், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கப்பலில் வருவார். அப்படி வந்தபோது மகளுக்கு ஒரு பொம்மை வாங்கி வந்தார். நம் பக்கத்துப் பொம்மை மாதிரி குண்டுக் குழந்தை இல்லை, வளர்ந்த பொம்பளை. ஒரு சாணுக்கு மேல் உயரம், ஒட்டிய இடுப்பு, எடுப்பான மார்பு, மஞ்சள் முடி, கண் இமையில் நீல மை, குதிகாலைத் தரையில் வைக்காமல் எப்போதும் நுனிக்காலில் நின்றாள். தொழுகை நடக்கிற வீட்டில் உருவம் வைக்கக் கூடாது என்று ஜமீலாவின் மாமியார் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். தூக்கிப் போட ஜமீலாவுக்கு மனசு வரவில்லை. "அக்கா, இந்தக் கொமரிய ஒங்க வூட்ல கட்டிக் கொடுத்துட்டேன், வரதட்சணை கேக்காதீங்க" என்று சிரித்துக்கொண்டே சுவர் வழியாக என்னிடம் நீட்டினாள். பினாங்குக்காரி என்று பெயர் வைத்தோம்.

அப்போதிலிருந்து எங்கள் மத்தியானங்கள் எல்லாம் அவளுக்குத்தான். பொம்மை நம் வீட்டில், துணி வெட்டுவதும் கையால் தைப்பதும் ஜமீலா வீட்டில். பொம்மை அங்கே போகக் கூடாதே, அதனால் நான் நூலில் அளவெடுத்து, மார்புக்கு ஒரு முடிச்சு, இடுப்புக்கு ஒன்று, முழங்காலுக்கு ஒன்று என்று போட்டுச் சுவர் வழியே கொடுப்பேன். அந்த நூலை வைத்து அவள் வெட்டி அனுப்புவாள், நான் மிஷினில் ஓட்டுவேன். டெய்லர் கடையில் கூட்டித் தள்ளிய துண்டுத் துணிகள்தான். அதில் பாவாடை தாவணி வந்தது, சலங்கை வைத்த நாட்டிய உடை வந்தது, கிழிந்த குடைத் துணியில் பட்டமளிப்பு விழாவுக்குப் போடுகிற கறுப்பு அங்கி வந்தது. பினாங்குக்காரி ஒரு வாரம் எம்.ஏ., அடுத்த வாரம் நர்ஸ். மேல்படிப்பு எட்டாத இரண்டு பொம்பளைகள் அவளை என்னென்னவோ படிக்கவைத்தோம். நான் வயிறு குலுங்கச் சிரித்தது என் ஆயுளில் அந்த எட்டு மாதம்தான்.

என் மிஷின் கைமிஷின். ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றி ஒரு கையால் துணியை நகர்த்த வேண்டும். சட்டை, ஜாக்கெட் என்றால் ஒரு கை போதும். விரல் அகலத் துணியை ஊசிக்குக் கீழே பிடிக்க இரண்டு கையும் வேண்டும். அதனால் சக்கரம் சுற்றுவது உன் வேலை. முக்காலியில் மண்டிபோட்டு நின்றுகொள்வாய். நான் "ம்" என்றால் அரைச் சுற்று, "ம்ம்" என்றால் ஒரு சுற்று. ஒரு தையல் கூடினதில்லை, குறைந்ததில்லை. அவ்வளவு நிதானமான கை உனக்கு. ஜமீலா உன்னை "என்னா மாஸ்டர், கூலி எவ்ளோ?" என்று சுவருக்கு மேலிருந்து கேட்பாள். நீ வெட்கப்பட்டுக்கொண்டு மிஷினுக்குப் பின்னால் ஒளிவாய்.

இந்திப் போராட்டத்தில் பள்ளிக்கூடம் மூடி, பஸ் எல்லாம் ஷெட்டில் நின்ற நாட்கள் அவை. பினாங்குக்காரியைக் கண்டக்டர் ஆக்கலாம் என்று சொன்னது நீதான். "அப்பா மாதிரி" என்றாய். அப்பாவின் பழைய டவுசர் பட்டியைப் பிரித்தேன், காக்கிச் சட்டையும் அரைக்கால் சட்டையும் ஆயிற்று. கழுத்தில் கறுப்பு நூலில் ஒரு விசில். வேப்பங்கொட்டையைத் தேய்த்து நீ செய்தாய். டிக்கெட் பைக்குத்தான் தோல் கிடைக்கவில்லை. மூலையில் அறுந்து கிடந்த அப்பாவின் செருப்பிலிருந்து ஒரு துண்டு வெட்டி நான் பையைத் தைத்தேன். அது எனக்குத் தோலாகத்தான் தெரிந்தது. கண்டக்டருக்குத் தோள்பை சாமி மாதிரி, அதைச் செருப்பில் தைத்தால் அவன் முகத்தில் செருப்பால் அடித்த மாதிரி என்று உறைக்கவில்லை. அத்தனை வருஷம் அடிபட்டவளுக்கு எது அவமானம் என்பதே மறந்துபோயிருந்தது.

அன்று மத்தியானம் நீ அப்பாவுக்குச் சாப்பாட்டுக் கேரியர் கொண்டு போனாய். என்னிடம் சொல்லாமல் பினாங்குக்காரியையும் பையில் போட்டுக்கொண்டு போனாய். அப்பா சந்தோஷப்படுவார் என்று நினைத்தாய். ஷெட்டில் வேலையில்லாமல் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் நடுவில் அவளை எடுத்து நிறுத்தி, "எங்கப்பா!" என்று காட்டினாயாம். கை மாறி மாறிப் போயிருக்கிறாள். ஒருவன் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, ஒன் பொண்டாட்டி ஒனக்கு மாரு வச்சித் தெச்சிருக்கா" என்றானாம். இன்னொருவன் பையைத் தடவி, "டேய், இது செருப்புடா!" என்று கத்தினானாம். அத்தனை பேரும் சிரித்தார்கள். ஏழு வயது நீயும் கூடச் சேர்ந்து சிரித்தாய். அப்போதுதான் அப்பா எழுந்தார்.

உன் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். கதவைத் தாழ் போட்டார். "எஞ் சட்டையப் பொம்பளைக்குப் போட்டியா? எம் பைய செருப்புல தெப்பியாடி?" என்று வாரை உருவினார். "பழைய டவுசர் பட்டிதாங்க, வெளயாட்டுக்குத்தான்" என்றேன். வாரின் பக்கிள் என் புருவத்தில் விழுந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. தடுக்கக் கையைத் தூக்கினேன், கையில் விழுந்தது. குனிந்தேன், முதுகில் விழுந்தது. அவருக்கு மூச்சு வாங்கும்வரை அடித்தார். பிறகு வாரைக் கீழே போட்டுவிட்டு, நிதானமாக, "எந்தக் கைடி தெச்சது?" என்று கேட்டார். அந்த நிதானத்துக்குத்தான் நான் பயந்தேன். என் இடது கையைப் பிடித்து முறுக்கி மிஷின் மேல் வைத்து, ஆள்காட்டி விரலை ஊசிக்குக் கீழே தள்ளி, தன் உடம்பு கனம் முழுவதையும் என் மணிக்கட்டில் போட்டு அழுத்தினார். சக்கரம் சுற்ற அவருக்குக் கை இல்லை. உன்னைத் திரும்பிப் பார்த்தார். "சுத்துடா" என்றார்.

நீ நின்றாய். "சுத்துடான்னா! தெனமும் சுத்துறல்ல?" என்றார். நீ முக்காலியில் ஏறி மண்டிபோட்டாய். என் முகத்தைப் பார்த்தாய். நான் "ம்" சொல்வேனா என்று பார்த்த மாதிரி இருந்தது. சுற்றினாய். ஒரு முழுச் சுற்று. ஊசி நகத்தைத் துளைத்து எலும்பில் இறங்கி முறிந்தது, அந்தச் சத்தம் உனக்கும் கேட்டது. நான் போட்ட கூச்சலில் நீ முக்காலியிலேயே ஒன்றுக்குப் போய்விட்டாய். அவர் விடவில்லை. "இன்னொரு தபா" என்றார்.

அடுத்துக் கொல்லைக் கதவு படாரென்று திறந்தது. ஜமீலா உலக்கையோடு உள்ளே வந்தாள். துப்பட்டி இல்லாமல் வாசல்படி தாண்டாதவள், அன்னிய ஆம்பளை முன்னால் குரல்கூடக் காட்டாதவள், முடி அவிழ்ந்து கிடக்க, சுவரேறிக் குதித்து வந்தாள். கதவுக்குப் பின்னாலிருந்து "அண்ணே" என்று மட்டுமே அவரைக் கூப்பிட்டுப் பழகியவள், "கைய விடுடா நாயே!" என்றாள். அவர் நிமிர்வதற்குள் உலக்கை அவருடைய வலது முன்கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம், என் ஊசி முறிந்ததைவிடப் பெரிதாகக் கேட்டது. இரண்டாவது அடி தோளில். மூன்றாவது அடிக்கு ஓங்கியவளை நான்தான் கட்டிப்பிடித்தேன். "மூணு வருஷமா சொவத்துக்கு அந்தாண்ட நின்னு கேட்டுக்கினே இருந்தேங்க்கா, இன்னைக்கி முடியல" என்று அழுதாள். அவள் சட்டைக் கையெல்லாம் என் ரத்தம்.

இனி நான் சொல்லப்போவது என் தப்பு. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள், "கை தவறிடுச்சிம்மா, நானே குத்திக்கிட்டேன்" என்றேன். பக்கத்து வரிசையில் உன் அப்பா, "பஸ் மேல லக்கேஜ் ஏத்துறப்ப ஏணியிலேந்து வழுக்கிட்டேன்" என்றார். பஸ்ஸே ஓடாத நாளில் எந்த லக்கேஜ் என்று யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் உன்னை மடியில் உட்காரவைத்து, "நீ சுத்தல கண்ணு. நீ வெளயாடப் போயிருந்தே. அம்மாதான் கை தவறிக் குத்திக்கிட்டேன். எங்க, சொல்லு பாப்போம்" என்றேன். நீ சொன்னாய். தப்பாகச் சொன்னபோது திருத்தினேன். தடங்கலில்லாமல் வருகிறவரை சொல்லவைத்தேன். நேற்று பாப்பா ஒப்பித்ததும் அதே ராகம்தான்.

அதைவிடப் பெரிய தப்பு மறுநாள் நடந்தது. ஜமீலாவின் மாமியார் வாசலில் வந்து நின்றார். மருமகள் தலையில் துணியில்லாமல் நம் கொல்லையிலிருந்து சுவரேறி வந்ததை அவர் பார்த்திருக்கிறார். "எம் மருமவ ஒங்க வூட்டுக்கு எதுக்கு வந்தா? ஒம் புருஷன் இருந்தாரா?" என்று கேட்டார். என்னைக் காப்பாற்ற வந்தாள் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். உள்ளே உன் அப்பா கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்தார். நான், "யாரும் வரலியேம்மா. நானேதான் கை தவறிக் குத்திக்கிட்டேன்" என்றேன். யாரும் வரவில்லை என்றால், நடந்ததை நடந்தபடி சொன்ன ஜமீலா பொய் சொல்கிறாள் என்று ஆயிற்று. எதற்கு வந்தாள் என்று கேட்டால் ஊர் எதைச் சொல்லுமோ அதையே அந்த அம்மா எடுத்துக்கொண்டார். அந்த வாரமே அவளையும் மகளையும் பரங்கிப்பேட்டைக்கு, தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அனுப்புவதற்கு முந்தின ராத்திரி அவள் மாமனார் அவளைப் புளியம் மிளாறால் அடித்த சத்தத்தைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று நான் கேட்டேன். என் வீட்டில் உலக்கை இருந்தது. நான் எடுக்கவில்லை.

உன் அப்பாவுக்குக் கை கூடிற்று, ஆனால் வலது கை முன்போல் வீசவில்லை. இடது கையால் அடிக்கப் பழகிக்கொண்டார். செத்துப்போகிறவரை அடித்தார். நானும் சும்மா இருந்துவிடவில்லை. உனக்குப் பத்து வயதில், ஒருநாள் நீ சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்ட விதம் அவரைப் போலவே இருந்தது என்று கரண்டிக்காம்பால் உன்னை விளாசினேன். உன் தாடை அவர் தாடை, அது ஒன்றுதான் நீ செய்த குற்றம். அக்கம்பக்கத்தில் கேட்டபோது, "வெளயாடுறப்ப விழுந்துட்டான்" என்றேன். பார், நம் குடும்பத்தில் யாரையும் யாரும் அடித்ததே இல்லை. எல்லோரும் விழுந்துகொண்டே இருக்கிறோம்.

நீ எல்லாவற்றையும் மறந்துவிட்டாய் என்று இருபது வருஷத்துக்கும் மேல் நம்பினேன். நேற்று மத்தியானம் கலைச்செல்வியிடம் எதற்கு அடித்தான் என்று கேட்டேன். "பழைய கைமிஷின் ஒண்ணு வாங்கினேன் அத்தை. பாப்பாவோட பொம்மைக்கு கவுன் தெச்சிக்கிட்டிருந்தோம். பாப்பா சக்கரம் சுத்துச்சி, நான் துணியப் புடிச்சிருந்தேன். அவரு உள்ள வந்தாரு. மிஷினப் பார்த்ததும் மூஞ்சி வெளுத்துப் போச்சி. 'நிறுத்து, நிறுத்து'ன்னு கத்தினாரு. நான் சிரிச்சிக்கிட்டே, இந்தத் தையல முடிச்சிடுறேன்னேன்" என்றாள். மிஷினைத் தூக்கிச் சுவரில் அடித்தாயாம். அப்புறம் அவளை அடித்தாயாம். கழுத்தைப் பிடித்துத் தூக்கினாயாம். காதுத் தோடு உன் கையோடு வந்ததாம்.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. அந்த நாளுக்கு அப்புறம் ரோடு தாண்டும்போது நீ என் இடது கையைப் பிடித்ததே இல்லை. சுற்றிக்கொண்டு வந்து வலது கையைத்தான் பிடிப்பாய். அந்த ஆள்காட்டி விரலுக்குள் ஊசிமுனை இன்னும் இருக்கிறது, எலும்போடு ஒட்டிவிட்டது, டாக்டரால் எடுக்க முடியவில்லை. மழை நாளில் குடையும். உனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. என் மகனே, அதை நினைத்து நேற்று கொல்லையில் உட்கார்ந்து அழுதேன். பாப்பா சக்கரம் சுற்றுவதைப் பார்த்து நீ பயந்திருக்கிறாய். உன்மேல் எனக்கு இரக்கம் பொங்கி வந்தது. உள்ளே வந்து அவள் காதைப் பார்த்தேன், இரக்கம் வந்த வழியே போய்விட்டது. ஏழு வயதில் சுற்றியதற்கு நீ பொறுப்பில்லை. உன்னை அப்படிச் சுற்றவைத்தவர் ஒருவர், அதை மூடியவள் ஒருத்தி. முப்பது வயதில் அடித்ததற்கு நீ மட்டும்தான் பொறுப்பு. பயந்தவன் வெளியே ஓடலாம், உட்கார்ந்து அழலாம், "எனக்கு இதப் பார்க்க முடியல" என்று சொல்லலாம். அவள் கழுத்தை எதற்குப் பிடித்தாய்?

இன்று காலை டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பினாங்குக்காரி அதே காக்கிச் சட்டையில் இருக்கிறாள். முன்பக்கம் இருக்கிற கறை என் விரல் ரத்தம். கலைச்செல்வி அவளைக் கையில் வாங்கி அந்தக் கறையைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "மிஷின் இருக்கா அத்தை?" என்று கேட்டாள். பரணிலிருந்து இறக்கித் துடைத்து எண்ணெய் விட்டோம். வீங்கிய வாயோடு அவள் துணியைப் பிடித்தாள். பாப்பா சக்கரத்தில் கை வைத்ததும் என் இடது கை தானாகப் பின்னால் போயிற்று. "மெதுவா சுத்து, அம்மா வெரல் இருக்கு" என்றேன். பாப்பா நிறுத்திவிட்டு, "ஊசி வெரல்ல ஏறுமா ஆயா?" என்று கேட்டது. ஏறாது கண்ணு என்று சொல்ல வாய் எடுத்தேன். பழக்கம். "ஏறும். ஆயாவுக்கு ஏறியிருக்கு. உங்க தாத்தா அழுத்திப் புடிச்சாரு" என்றேன். பாப்பா என் விரலைத் தொட்டுப் பார்த்தது. பிறகு மிஷினைப் பார்த்துக்கொண்டே, "எங்கம்மா விழல ஆயா" என்றது.

அவளை நான் அனுப்பமாட்டேன். அவளாகப் போகிறேன் என்றால் தடுக்கவும் மாட்டேன். நீ வரலாம். ஆள் கூட்டிக்கொண்டு வராதே, பெரிய மனிதர்களைப் பேசவைக்காதே, பூ பழத்தோடு வராதே. தனியாக வந்து வாசலில் நில். பாப்பா ஜன்னல் அருகில்தான் விளையாடிக்கொண்டிருக்கும். அதனிடம், அம்மா விழவில்லை, நான்தான் அடித்தேன் என்று சொல். வேறு வார்த்தை சேர்க்காதே, காரணம் சொல்லாதே. அதன் பிறகு கதவைத் திறப்பதா வேண்டாமா என்பது கலைச்செல்வி இஷ்டம். அவள் திறந்தால் உள்ளே வந்து என் இடது கையைப் பிடி. திறக்காவிட்டால் அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போ. பரங்கிப்பேட்டை பக்கம் போய் ஜமீலாவைத் தேடப் போகிறேன், நாளை மறுநாள் நான் வீட்டில் இருக்கமாட்டேன். நான் இல்லாத தைரியத்தில் வந்து கதவைத் தட்டாதே. உலக்கையை எடுத்துக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறேன், அது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

அம்மா